எந்தக் கட்சி கவுன்சிலர்?

"கவுன்சிலரம்மா இருக்காங்களா?"

போன செவ்வாய்க்கிழமை காலை. பூட்டைத் திறந்து, நாற்காலியைத் துடைத்து, நான் இன்னும் உட்காரக்கூட இல்லை. வாசலில் ஒருவர் நிற்கிறார். கட்சிக் கரை போட்ட வேட்டி. விரல் நகமெல்லாம் பெயிண்ட்.

"நான்தான். வாங்க."

"எந்தக் கட்சி?"

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. செங்கம் ரோட்டில் எங்கள் குடும்ப ஆலோசனை மையத்தின் வாசலில் 'கவுன்சிலர்' என்று போர்டு மாட்டிய நாளிலிருந்து இதே கதைதான். நாங்கள் புருஷன் பெண்டாட்டி சண்டையைப் பேசித் தீர்க்கிற கவுன்சிலர்கள். நகராட்சித் தேர்தலில் நின்று ஜெயிக்கிற கவுன்சிலர் வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதானே! அதிலும் இப்போதுதான் தேர்தல் முடிந்திருக்கிறது. குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று தினமும் நாலு பேராவது வந்துவிடுகிறார்கள். ஒரு பெரியவர் மனுவைக் கொடுத்துவிட்டு ரசீது கேட்டார். எழுதிக் கொடுத்தோம். வேறு என்ன செய்ய?

"இங்க கட்சியெல்லாம் கிடையாதுங்க" என்றேன்.

"கட்சி இல்லாத கவுன்சிலரா? சும்மா சொல்லுங்கம்மா" என்று சிரித்தார்.

பெயர் ஏழுமலை. சுவரில் தேர்தல் விளம்பரம் எழுதுகிறவர். வந்த காரியத்தைச் சொன்னார். "வெள்ளிக்கிழமை தலைவர் நன்றி சொல்ல வர்றாரு. மேடையில அவரு கையால எம் புள்ளைக்குப் பேர் வெக்கணும். நீங்க ஒரு சிபாரிசு லெட்டர் குடுத்தீங்கன்னா போதும்."

"குழந்தைக்கு எத்தனை நாள் ஆவுது?"

"பத்து மாசம்."

பத்து மாதமாகப் பெயர் இல்லை! தலைவருக்கு ஒழியவில்லையாம்.

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அந்த ஆளு கையில எம் புள்ளயக் குடுத்துப் பாரு. அன்னிக்கே எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். நீ வந்து கூப்ட்டாலும் வர மாட்டேன்."

அது மல்லிகா, அவர் மனைவி. இடுப்பில் கொழுகொழுவென்று பெயரில்லாப் பையன். அம்மா வீடு அடி அண்ணாமலையில். அங்கே இவள் அண்ணன் எதிர்க்கட்சியில் கிளைச் செயலாளர். தங்கச்சி மகனுக்குத் தன் தலைவர்தான் பெயர் வைக்க வேண்டும் என்று அவருக்கும் ஒரு பிடிவாதம். போதாக்குறைக்கு, ஏழுமலை தேர்தல் நேரத்தில் மாமனார் வீட்டுச் சுவரையே ரிசர்வ் செய்து, தன் கட்சிச் சின்னத்தை ஆளுயரத்துக்கு வரைந்து வைத்திருக்கிறார். எந்த மாமனார் தாங்குவார்?

கட்சிகளின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

தப்பான கவுன்சிலரைத் தேடிச் சரியான கவுன்சிலரிடம் வந்திருக்கிறார்கள் என்று இரண்டு பேரையும் உட்கார வைத்தேன். பையனைத் தரையில் விட்டோம்.

இந்த இடத்தில் மெஹருன்னிசாவைச் சொல்ல வேண்டும். மையத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் ஒரு மேஜை, அவள் ஒரு மேஜை. கெட்டிக்காரி. என்னை 'அக்கா' என்பாள். ஆனால் நான் ஓட்டுப் போட்டது ஏழுமலையின் கட்சிக்கு. அவள் ஓட்டுப் போட்டது மல்லிகாவின் அண்ணன் கட்சிக்கு. ரிசல்ட் வந்த நாளிலிருந்து நாங்கள் சேர்ந்து டீ குடிப்பதில்லை. ஒரே கடையில் இருந்து தனித்தனியாக இரண்டு டீ வருகிறது. ஊராருக்குச் சமாதானம் சொல்கிற ஆபீஸ்!

வேலூரில் எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். 'சொந்தக் கருத்தைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு உள்ளே போங்கள்' என்றார் பயிற்சி கொடுத்த அம்மாள். இன்னொரு உத்தியும் சொன்னார். 'உங்க பிரச்சினை என்று சொல்லாதீர்கள், நம்ம பிரச்சினை என்று சொல்லுங்கள். வந்தவர்கள் மனம் விட்டுப் பேசுவார்கள்.'

அந்த நினைப்பில்தானோ என்னவோ, நான் ஆரம்பித்தேன். "இப்ப பாருங்க மல்லிகா... வெள்ளிக்கிழமை நம்ம தலைவர் வர்றதுக்குள்ள—"

மல்லிகா எழுந்துவிட்டாள்.

"நம்ம தலைவரா? நீங்களும் அவங்க ஆளுதானா? இதுல கட்சி இல்லன்னு வேற சொன்னீங்களே!"

பக்கத்து மேஜையில் எழுதிக்கொண்டிருந்த மெஹரின் பேனா அப்படியே நின்றது.

'எங்க தலைவர்' என்றிருந்தால் நான் மட்டும் மாட்டியிருப்பேன். 'உங்க தலைவர்' என்றிருந்தால் யாருமே மாட்டியிருக்க மாட்டார்கள். 'நம்ம' என்று சொல்லி, அந்தப் பெண்ணையும் அவள் சம்மதம் இல்லாமல் கட்சியில் சேர்த்துவிட்டேன். பயிற்சியில் சொன்ன உத்திதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். வாய் தவறி வந்த உண்மை அது.

ஏழுமலைக்கு ஒரே குஷி. "நான் அப்பவே நெனச்சேன், நீங்க நம்ம ஆளுன்னு!"

அதைக் கேட்டபோதுதான் எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

வாசல் வரை போன மல்லிகாவை மெஹர்தான் கையைப் பிடித்து நிறுத்தினாள். "உக்காரும்மா. நான் உங்க அண்ணன் கட்சிதான்."

இப்போது ஏழுமலை எழுந்தார். "அப்ப எனக்கு நியாயம் கிடைக்காது. நான் வர்றேங்க."

"மெஹர், க்ளையண்ட் கிட்ட இப்படியா பேசறது?" என்றேன்.

"நீங்க பேசலாம், நான் பேசக் கூடாதா அக்கா?"

"நான் வாய் தவறிச் சொன்னேன்."

"எங்க தெருவுல உங்க ஆளுங்க கள்ள ஓட்டுப் போட்டாங்களே, அதுவும் கை தவறியா?"

அவ்வளவுதான். மூன்று வாரமாக டீயோடு சேர்த்து விழுங்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. வார்டு வார்டாகச் சண்டை போட்டோம். நான் மேஜையைக்கூடத் தட்டினேன். ஏழுமலையும் மல்லிகாவும் சண்டையை விட்டுவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். "வுடுங்கம்மா, வுடுங்க, ரெண்டு பேரும் படிச்சவங்க" என்று ஏழுமலை சமாதானம் செய்தார்.

பையனை யாரும் பார்க்கவில்லை.

முதலில் பார்த்தது மல்லிகா. பையன் தவழ்ந்து வாசற்படிக்குப் போய்விட்டான். படி இறங்கினால் ரோடு. பெங்களூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறது.

"டேய்" என்று நான் கத்தினேன். மெஹர் "தம்பி" என்றாள். ஏழுமலை அவனைக் கூப்பிடுவது தன் தலைவரின் பட்டப்பெயரால். அதைக் கத்தினார். மல்லிகா வீட்டில் கூப்பிடுவது அவள் அண்ணன் கட்சித் தலைவரின் பட்டப்பெயரால். அதை அவள் கத்தினாள். நாலு பேர் நாலு விதமாகக் கூப்பிட்டோம். அவன் எதற்குத் திரும்புவான், பாவம்? ஒரு கையைக் கீழ்ப்படியில் வைத்துவிட்டான்.

ஏழுமலை பாய்ந்தார். வேட்டி தடுக்கிக் குப்புற விழுந்து, பையனின் காலைப் பிடித்து இழுத்தார். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

பையன் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தான். மல்லிகா அவனை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். ஏழுமலை தரையிலேயே உட்கார்ந்திருந்தார். முட்டியில் ரத்தம்.

"கூப்புட ஒரு பேர் இல்லாம வுட்டுட்டனே..." என்றார். பிறகு, "நீயே வையி. ஒன் வாயில என்னா வருதோ அத வையி."

மல்லிகா மூக்கை உறிஞ்சினாள். "முரளி."

யோசிக்கவே இல்லை. வயிற்றில் இருந்தபோதே வைத்துவிட்டாளாம். யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

ஏழுமலைக்கு ஒரு சந்தேகம். "முரளின்னு எந்தக் கட்சியிலனா இருக்காங்களா?"

இதில் நாங்கள் நிபுணர்கள் அல்லவா? நானும் மெஹரும் எல்லா வார்டு வேட்பாளர்களையும் விரல் விட்டு எண்ணினோம். அந்தப் பெயரில் ஒரே ஒரு சுயேச்சை. டெபாசிட் போய்விட்டது.

"அப்ப ஒண்ணும் ஆபத்து இல்ல. வெக்கலாம்" என்றார் ஏழுமலை.

அவர்கள் போன பிறகு மெஹரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சொன்னாள்: "எனக்குக் கோவம் உங்க கட்சி மேல இல்லக்கா. அந்தப் பொண்ணு எழுந்து போறப்ப நீங்க அந்தாளப் பாத்து லேசா சிரிச்சீங்க. அதான்."

சிரித்தேனா? சிரித்திருப்பேன்.

கருத்து இல்லாத மனுஷி யார்? செருப்பை வாசலில் விடலாம். மூளையை எங்கே விடுவது? இப்போது எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. உள்ளே கட்சி பொங்குகிறது என்று தெரிந்தால், "கொஞ்சம் நீ பாரு" என்று மற்றவளிடம் சொல்லிவிட்டு டீ சொல்ல வெளியே போய்விட வேண்டும். இந்த வாரம் டீ ஜாஸ்திதான்.

சனிக்கிழமை ஏழுமலை வந்தார். ஆசீர்வாதம் மட்டும் வாங்கலாம் என்று கூட்டத்துக்குப் பையனைத் தூக்கிப் போயிருக்கிறார். எல்லாக் குழந்தைக்கும் வைக்கிற மாதிரி இவனுக்கும் தலைவர் ஒரு பெயர் சொல்லப்போனாராம். "மன்னிக்கணும் தலைவரே, பேர் வெச்சாச்சு. முரளி. ஊட்டுக்காரி வெச்சா" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டாராம். கூட்டம் கப்சிப். அப்புறம் பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ ஒரே ஒரு ஆள் கைதட்டியிருக்கிறார்கள்.

"யாருன்னு தெரியலம்மா" என்றார் ஏழுமலை.

பின்னால் பையனோடு நின்றிருந்த மல்லிகா சொன்னாள்: "நான்தான்."