கச்சான் சரைக்குப் போன கணிதம்

அரசாங்கம் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தைச் சும்மாதான் கொடுக்கிறது. அதை விளங்கிக்கொள்வதற்குத்தான் காசு. தரம் பதினொன்றுக் கணிதப் புத்தகத்தை மகள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த அன்றே, ஒவ்வொரு கணக்குக்கும் படிப்படியான செய்கையும் விடையும் போட்ட வழிகாட்டி ஒன்று கடையில் விற்கிறது என்று சொன்னாள். விலையைக் கேட்டேன். அடுத்த மாதம் பார்ப்போம் என்றேன். துறைமுகத்துக் களஞ்சியத்தில் வேலை பார்க்கிறவனுக்கு அடுத்த மாதம் என்பது வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல் மாதிரி. கண்ணுக்குத் தெரியும், கரைக்கு வராது.

அவள் மறுபடி கேட்கவில்லை. கூடப்படிக்கிற பிள்ளையிடம் வழிகாட்டியை ஒரு கிழமைக்கு இரவல் வாங்கி, செய்கைகளையெல்லாம் பாடப்புத்தகத்தின் ஓரங்களில் பொடி எழுத்தில் எழுதிவிட்டாள். பென்சிலால்தான். வருட முடிவில் புத்தகத்தைப் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

தவணைச் சோதினைக்கு முந்திய வெள்ளிக்கிழமை அந்தப் புத்தகத்தைத்தான் நான் கச்சான்காரிக்குக் கொடுத்தேன்.

காகிதம் விலையேறிய காலத்திலிருந்து எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் எழுதி முடித்த பழைய கொப்பிகளைக் கட்டி வைப்பார்கள். கடற்கரையில் கச்சான் விற்கிற அக்கா வந்து, கடலை போடும் காகிதச் சரை சுற்ற அவற்றை வாங்கிப் போவா. பதிலுக்கு ஒரு கை வறுத்த கச்சான். எங்கள் வீட்டில் புத்தகம், கொப்பி எல்லாவற்றுக்கும் நகைக்கடைக் கலண்டர் தாளில் உறை போடுவது என் பொறுப்பு. மூத்த மகன் படித்து முடித்த கொப்பிகளும் மகளின் கணிதமும் கலண்டரிலிருந்த ஒரே நகைக்காரியைப் போர்த்திக்கொண்டு மேசையில் கிடந்தன. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கச்சானைக் கொறித்தேன்.

மறுநாள் மகள் புத்தகத்தைத் தேடினாள். கொப்பிக் கட்டோடு அதுவும் போய்விட்டது என்று எனக்கு விளங்கியது. அந்தப் புத்தகம் இப்போது போனிலேயே கிடைக்குமாமே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"புத்தகம் போனில கிடக்கப்பா. நான் எழுதினது கிடக்கோ?"

பதறுகிற ஆள் நானில்லை என்று வீட்டில் பெயர் எடுத்து வைத்திருந்தேன். அந்தப் பெயரோடும் மனைவியின் செருப்போடும் கடற்கரைக்கு ஓடினேன். செருப்பு மனைவியுடையது என்பது மணலில் கால் புதைந்தபோதுதான் தெரிந்தது.

சுற்றி வைத்திருந்த சரைகளையெல்லாம் வாங்கினேன். கச்சானைச் சட்டைப் பைகளுக்குள் கொட்டிக்கொண்டு ஒவ்வொரு தாளாக விரித்தேன். எல்லாம் மூத்தவனின் கொப்பி. சிவப்புப் பேனையால் போட்ட பிழை அடையாளங்களைத் தவிர வேறு கணிதம் அதில் இல்லை. பிறகு கடலைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சோடியிடம் போய், தின்று முடித்தால் சரையைத் தர முடியுமா என்று கேட்டேன். நகரசபையிலிருந்து குப்பை பொறுக்க வந்த ஆளென்று நினைத்திருப்பார்கள். வாழைப்பழத் தோலையும் சேர்த்துத் தந்தார்கள்.

"அண்ணை, கச்சான் பழுதோ?" என்று அந்த அக்கா கேட்டா.

சொன்னேன். அவ அடுப்பை வெறுமனே கிளறினா. பிறகு, "அது சரைக்குப் போகேல்லை. என்ர மகள் எடுத்து வச்சிருக்கிறாள்" என்றா. அவவின் மகளும் பதினொன்றுதானாம். சல்லிக் கிராமத்திலிருந்து ரியூசனுக்கு அனுப்ப வசதியில்லையாம். "ஆரோ பென்சிலால எழுதியிருக்கு, இப்பதான் விளங்குது எண்டு நேற்றிலயிருந்து அதோடதான் இருக்கிறாள்."

புத்தகம் கிடைத்துவிட்டது. ஆனால் அதை எப்படிக் கேட்டு வாங்குவதென்று தெரியவில்லை. தீர்ப்பை மகளிடமே விடுவோம் என்று போன் எடுத்தேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்: அந்தப் பிள்ளைக்கும் திங்கட்கிழமையா சோதினை? அக்காவிடம் கேட்டு, ஓம் என்றேன்.

"அப்ப பறிச்சுக்கொண்டு வராதேங்கோ. நாளைக்குப் புத்தகத்தோட இஞ்ச வரச் சொல்லுங்கோ."

போட்டோக்கொப்பி எடுத்தால் என்ன என்று என் அறிவைக் காட்டினேன். பென்சில் எழுத்து மெசினில் விழாது என்று போனை வைத்துவிட்டாள்.

ஞாயிறு காலை அந்தப் பிள்ளை பஸ்ஸில் வந்தாள். இரண்டு பேரும் குசினி மேசையில் இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சத்தம் உயர்ந்தது. வட்டங்கள் பாடத்தில் ஒரு செய்கையை அந்தப் பிள்ளை அழிறப்பரால் அழித்துவிட்டு வேறுமாதிரி எழுதி வைத்திருக்கிறாள். வழிகாட்டியில் இருந்ததை அப்படியே எழுதினேன் என்று என் மகள் நிற்கிறாள். பிழையாக இருந்ததால்தான் அழித்தேன் என்று மற்றவள் நிற்கிறாள்.

மனைவி என்னைப் பார்த்தா. "இஞ்சருங்கோ, அந்த வழிகாட்டியைப் போய் வாங்கிக்கொண்டு வாங்கோ. அடுத்த மாதம் வந்திட்டுது."

வாங்கி வந்தேன். இடையில் விலையும் ஏறியிருந்தது. விரித்துப் பார்த்தால், மகள் எழுதிய அதே செய்கை, அதே விடை. அவள் நாடியை உயர்த்தினாள்.

"அப்ப இதிலயும் பிழை" என்றாள் மற்றவள், சாதாரணமாக. "வட்டத்துக்குள்ள வாற அந்த முக்கோணத்தின்ர மூண்டு கோணத்தையும் கூட்டிப் பாருங்கோ."

மகள் கூட்டினாள். மறுபடி கூட்டினாள். நூற்றி எண்பது பாகையைத் தாண்டியது. பென்சிலை எடுத்துப் புது வழிகாட்டியில் அந்தச் செய்கைக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டாள். அதை வாங்கிய பில் இன்னும் என் சட்டைப் பையில் இருந்தது.

பிறகு, காற்றாடிக் காற்றில் பாடப்புத்தகத்தின் தாள்கள் பறக்காமல் இருக்க வழிகாட்டியை மூடி அதன் ஓரத்தில் பாரமாக வைத்துவிட்டு, இருவரும் அடுத்த கணக்குக்குப் போனார்கள்.