அவைக்குறிப்பில் இல்லாத இரண்டு நிமிடம்

பேரவையில் யார் எவ்வளவு தொண்டை கிழியக் கத்தினாலும் தலை நிமிராமல் எழுதுகிறவர்கள் சிலர் உண்டு. சபாநாயகர் மேடைக்குக் கீழே நீள மேசையில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பார்கள். தொலைக்காட்சியில் அவர்களுடைய உச்சந்தலை மட்டும் தெரியும். அவர்களில் ஒருத்தியான அவளுடைய உச்சந்தலை இருபத்திரண்டு வருடமாக அப்படித் தெரிந்துகொண்டிருக்கிறது. "உன் வகிடு நரைச்சது ஊருக்கே தெரியும், முகந்தான் ஒருத்தனுக்கும் தெரியாது" என்பார் அவள் கணவர். அவர் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். கேலி அவருக்குக் கைவந்த கலை. தைரியம் அவ்வளவாகக் கிடையாது.

அவள் பஸ் கண்டக்டர் மகள். டயர் கடை மாடியில் இருந்த ஒரு பயிற்சி நிலையத்தில், கீழே காற்றடிக்கிற இரைச்சலுக்கு நடுவே காதைத் தீட்டிக்கொண்டு சுருக்கெழுத்து கற்றவள். நிமிடத்துக்கு நூற்றைம்பது சொல் எழுதுவாள். பத்து நிமிடம் எழுதியதும் அடுத்தவர் வந்து உட்கார, இவள் வெளியே போய் எழுதியதை விரித்துத் தட்டச்சு செய்ய வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தை 'முறை' என்பார்கள்.

நான்கு ஆட்சிகளை அந்த மேசையிலிருந்தே பார்த்துவிட்டாள். போன ஆட்சியில் 'நகரம் கொலைக்களமாகிவிட்டது' என்று மேசையைத் தட்டியவர்கள் இந்த ஆட்சியில் 'புள்ளிவிவரத்தைப் பாருங்கள்' என்கிறார்கள். அப்போது புள்ளிவிவரம் வாசித்தவர்கள் இப்போது மேசையைத் தட்டுகிறார்கள். கொலையானவர்கள் இரண்டு பக்கத்துக்கும் எண்ணிக்கைதான். போன ஆட்சியில் நானூற்றுப் பன்னிரண்டு, இந்த ஆட்சியில் முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. அந்தப் பதினான்கு பேர் வித்தியாசத்துக்கு ஒரு நாள் அரை மணி நேரம் கைதட்டினார்கள். அதையும் அவள்தான் எழுதினாள்.

இத்தனை வருடத்தில் அவள் கைக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யார் பேசினாலும் அது தானாக எழுதும். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி போனில் அழுதால் விரல் கைப்பையின் மேல் எழுதும். கணவர் சட்டைப் பொத்தான் போனதற்குக் கத்தினால் படுக்கை விரிப்பில் எழுதும். "என்னைத் திட்டுறதுன்னா வாயால திட்டு, மினிட்ஸ் எடுக்காத" என்பார் அவர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில், இரண்டாவது மாடிச் சமையலறை ஜன்னலருகே அவள் நின்றிருந்தாள். கீழே தெருமுக்கில் இஸ்திரிக்காரர் வழக்கம்போல் பெட்டிக்குக் கரி போட்டு ஊதிக்கொண்டிருந்தார். தெருவில் அவருக்கு 'ஐகோர்ட்டு' என்று பெயர். தெருவுக்குப் பின்னால் இருந்த கால்வாயை யாரோ லாரி லாரியாக இடிபாடு கொட்டி மேடாக்கிவிட்டார்கள். மழை பெய்தால் அத்தனை வீட்டிலும் முழங்கால் அளவு சாக்கடை. எல்லோரும் வீட்டுக்குள் திட்டினார்கள். அந்த மனிதர் மட்டும் வழக்குப் போட்டார். "என்ன ஐகோர்ட்டு, தீர்ப்பு எப்போ?" என்று சட்டையை நீட்டியபடி கேட்பார்கள். "உங்க சட்டை சாயங்காலம், தீர்ப்பு அடுத்த மாசம்" என்பார்.

பைக் ஒன்று வந்து நின்றது. மூன்று பேர், மூவருக்கும் ஹெல்மெட். பிறகு பேச்சு கேட்டது.

முகம் எதையும் அவள் பார்க்கவில்லை. ஆனால் இருநூறு பேர் ஒரே நேரத்தில் கூச்சலிடும்போது இது எந்தத் தொகுதிக்காரர் குரல் என்று பிரித்து எழுதுகிற காது அது. மூன்று குரலும் தனித்தனியாக உள்ளே போயின. அவள் விரல் ஜன்னல் விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் அடங்கி, ஐகோர்ட்டு பெட்டியடியில் ரத்தத்தில் சரிந்து கிடக்க, பைக் போன பிறகுதான் நின்றது.

அவள் கீழே இறங்கவில்லை. கத்தவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்து, அடுப்பே அணைந்து, அறை முழுக்க எரிவாயு நாற்றம் வந்த பிறகுதான் கணவர் ஓடி வந்து அவள் தோளை உலுக்கினார். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முதலில் எரிவாயுவை மூடினார். பிறகு ஜன்னலை மூடினார். அதன் பிறகு அவள் வாயை மூடுவதுபோலக் கையை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நமக்கு ஒரு பொண்ணு ஹாஸ்டல்ல இருக்கா. ஞாபகம் இருக்கட்டும்."

போலீஸ் வந்து கதவைத் தட்டியபோது அவர்தான் பேசினார். "நாங்க ஏழு மணி வரைக்கும் தூங்குவோம் சார். ரெண்டு பேருக்கும் காது மந்தம்." அவளுடைய காதையா மந்தம் என்கிறார் என்று ஒரு கணம் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

தெருவில் ஆளாளுக்குப் பேசினார்கள். "எல்லாம் தலையெழுத்து" என்றார் கீழ்வீட்டுக்காரர். தலையெழுத்தாம்! எழுதினவன் பைக்கில் வந்தான், கத்தியால் எழுதினான், பெட்ரோல் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான். அவனைக் கேட்கப் பயந்தவர்கள் கண்டுபிடித்த சொல் அது. அவளும் பயந்தவள்தான். அதனால் கீழ்வீட்டுக்காரரைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை.

புதன்கிழமை தெருமுக்கில் ஆளுயரப் பேனர் முளைத்தது. எதிர்க்கட்சி வைத்தது. 'ரத்தம் குடிக்கும் ஆட்சியே, பதில் சொல்' என்று மேலே. ஓரத்தில் ஐகோர்ட்டின் பழைய அடையாள அட்டைப் படம். நடுவில் அதைப்போல் நாலு மடங்கு பெரிதாக, கைகூப்பியபடி, அந்தக் கட்சியின் வட்டச் செயலாளர்.

வியாழக்கிழமை காலை அந்த வட்டச் செயலாளரே வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல பணிவு.

"அக்கா, தண்ணி குடுங்க முதல்ல. வெயில் கொல்லுது. உங்க ஜன்னல் அந்தப் பக்கந்தானே?"

"ஆமா. ஆனா மூடியே இருக்கும்."

"சாட்சி ஒருத்தரும் வர மாட்டேங்கறாங்க. பாவம், அந்தக் குடும்பம். நீங்க ஏதாச்சும் பாத்திருந்தா எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. போலீஸ் வேணாம், அவங்க ஆளுங்கட்சி. எங்கிட்ட. ஆச்சா? ஆச்சா?"

டம்ளரை வாங்க நீட்டிய அவள் கை அப்படியே நின்றது. செவ்வாய்க்கிழமை கேட்ட மூன்று குரலில் இரண்டாவது குரல். அதே தொண்டை, முடிவில் அதே இரட்டை 'ஆச்சா'. முகத்தில் ஏதாவது தெரிந்துவிடுமோ என்று குனிந்து, சிந்தாத தண்ணீரைத் துடைத்தாள்.

"நாங்க தூங்கிட்டிருந்தோம் தம்பி."

"ரெண்டு பேரும் அரசாங்க உத்தியோகம். நிம்மதியாத் தூங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். படியில் இறங்கும் காலடி முழுவதும் தேய்ந்த பிறகும் கணவர் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

வெள்ளிக்கிழமை பேரவையில் சட்டம் ஒழுங்கு விவாதம். அவளுடைய முறை பதினொன்று நாற்பதிலிருந்து பதினொன்று ஐம்பது வரை.

எதிர்க்கட்சித் தலைவர் ஐகோர்ட்டின் படத்தைத் தூக்கிக் காட்டினார். "இந்த ஏழைத் தொழிலாளி செய்த பாவம் என்ன?" மேசைகள் அதிர்ந்தன. அமைச்சர் எழுந்தார்.

"உங்கள் ஆட்சியில் நடந்த கொலைகளுக்கு ஆளுக்கொரு படம் பிடித்தால் இந்த அவையில் நிற்க இடம் இருக்காது." சிரிப்பு. அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு' என்று அவள் குறித்தாள். "இது அரசியல் கொலை அல்ல, குடும்பத் தகராறு. இறந்தவருடைய மனைவியின் தம்பி கைது செய்யப்பட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார். இன்று மூன்று மணிக்கு நீதிபதி முன் நிறுத்தப்படுவார். சம்பவத்தை யாரும் பார்க்கவில்லை. நேரில் கண்ட சாட்சி ஒருவர்கூட இல்லை."

மனைவியின் தம்பியை அவளுக்குத் தெரியும். ஒரு கால் சூம்பியவன். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து துணி மடித்துக் கொடுப்பான். அவன் தெருவைக் கடந்து முடிப்பதற்குள் இரண்டு கார் நின்று ஹாரன் அடிக்கும். பைக்கில் ஏறித் தப்பினானாம். ஒப்புக்கொண்டானாம். எதைக் கொண்டு ஒப்புக்கொள்ள வைத்திருப்பார்கள்? சுற்றிலும் கூச்சல். அவள் கை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

முறை முடிந்து, தட்டச்சு அறையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். அமைச்சரின் 'ஒருவர்கூட இல்லை' வரை சரியாக இருந்தது. அதற்கப்புறம் அமைச்சர் பேசியது ஒரு வரிகூட இல்லை. இரண்டு நிமிடம் காணோம். அந்த இடத்தில், அவளுடைய சுத்தமான சுருக்கெழுத்தில், வேறொன்று இருந்தது:

'அண்ணே, இவன்தானே?'

'இவன்தான். கேஸை வாபஸ் வாங்குடான்னு எத்தனை தடவைடா சொல்றது?'

'கால்வாய் உன் அப்பன் வீட்டுச் சொத்தா? வாங்க மாட்டேன்.'

'போடுறா.'

'முடிஞ்சுது. ஆச்சா? ஆச்சா? வண்டிய எடு.'

'போலீஸ் வந்தா?'

'ஸ்டேஷனை ஆளுங்கட்சி அண்ணன் பாத்துக்குவாரு. அந்த இடத்துல பாதி அவருக்குத்தானே.'

வேறு காகிதமாக இருந்தால் வாயில் போட்டு விழுங்கியிருப்பாள். இது பேரவை நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சிட்டது. ஒரு தாளைக் கிழித்தால் விசாரணை. முறை முடிந்ததும் தலைமைச் சுருக்கெழுத்தாளரிடம் ஒப்படைத்தாக வேண்டும். அவளுடைய கிறுக்கலை உலகத்திலேயே அவளைத் தவிர இன்னொருவர்தான் வாசிப்பார், அவரிடம்.

அவருக்கு 'ரப்பர்' என்று பெயர். சபாநாயகர் நீக்கச் சொன்னதை எல்லாம் அவைக்குறிப்பிலிருந்து நீக்குகிறவர். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாசித்தவர், கண்ணாடியை இறக்கிக்கொண்டு திரும்பவும் வாசித்தார்.

"இது எந்த உறுப்பினர் பேசினது?"

"உறுப்பினர் இல்ல சார்."

"அதான் பாத்தேன். நம்ம உறுப்பினருங்க இவ்வளவு சுருக்கமாப் பேச மாட்டாங்களே" என்று சொன்னவருக்கே அந்தச் சிரிப்பு பாதியில் செத்தது. கதவைச் சாத்திவிட்டு வந்தார். "நீ இருந்தியா அங்க?"

"ஜன்னல்ல."

"இதை வேற யாரு பாத்தா?"

"நீங்க மட்டும்."

"நான் பாக்கலை" என்றார் உடனே. பிறகு குரலைத் தணித்தார். "இங்க பாரும்மா. அமைச்சர் பேசினது ஒலிப்பதிவுல இருக்கு, அந்த ரெண்டு நிமிஷத்தை நான் கேட்டு நிரப்பிடறேன். நோட்டு மேல ஒரு டீயைக் கவுத்துடு. டீ கொட்டி அழிஞ்சதுன்னு நானே குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போடறேன். போன கூட்டத்தொடர்ல ரெண்டு நோட்டு அப்படிப் போச்சு. ஒருத்தனும் கேக்கலை."

அவர் மேசையிலேயே டீ இருந்தது. ஆடை கட்டிய, பாதி குடித்த டீ. அவளிடம் தள்ளி வைத்தார். தள்ளிய வேகத்தில் சாசரில் கொஞ்சம் சிந்தியது.

அவள் கோப்பையைப் பிடித்தாள். அவளுக்கு ஹாஸ்டலில் இருக்கிற மகள் ஞாபகம் வந்தாள். தாழ்ப்பாளைப் பிடித்து நின்ற கணவர் ஞாபகம் வந்தார். கோப்பையைத் தூக்கியும்விட்டாள். ஊற்றினால் எல்லாம் சரியாகிவிடும். 'சம்பவத்தை யாரும் பார்க்கவில்லை' என்பது அவைக்குறிப்பில் ஏறும். நூலகத்துக்குப் போகும். நூறு வருடம் கழித்து எவனாவது படித்தாலும் அதுதான் உண்மை. அதை எழுதித் தந்தது அவள் கையாக இருக்கும். கால் சூம்பிய ஒருவன் சிறையிலேயே கிழவனாவான். இரண்டு கட்சிக்காரர்களும் பாதிப் பாதி பங்கிட்ட மேட்டில் வீடு கட்டுவார்கள்.

கோப்பையை வைத்துவிட்டாள். தைரியம் ஒன்றும் வந்துவிடவில்லை. பயம் அப்படியே இருந்தது, இன்னும் சொன்னால் கூடிற்று.

"மணி என்ன சார்?"

"பன்னெண்டே கால். ஏன்?"

"அரை நாள் லீவு குடுங்க. இந்த எழுத்தை வச்சு யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. வாசிக்கவே முடியாதே. நான்தான் போய்ச் சொல்லணும்."

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா? ரெண்டு பக்கமும் அவனுங்கதான். எந்தப் பக்கம் ஓடுவ?"

"தெரியல சார்."

ரப்பர் நெற்றியைத் தேய்த்தார். பிறகு பீரோவைத் திறந்து நோட்டை உள்ளே வைத்துப் பூட்டினார். ஒப்படைப்புப் பதிவேட்டை எடுத்து, நோட்டு எண், பக்க எண், நேரம் எழுதி, கடைசிக் கட்டத்தில் 'சேதமின்றிப் பெறப்பட்டது' என்று போட்டுக் கையெழுத்திட்டார். அந்த ஒரு வரி எழுத அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

"போ. நான் ஒண்ணும் பாக்கலை."

நீதிமன்ற வளாகத்தில் கட்சிக்கொடி கட்டிய கார்கள் இரண்டு நிறத்திலும் நின்றன. அவள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு சுவரோரமாகவே நடந்தாள். ஒரு பைக் உறுமினாலும் உடம்பு ஒடுங்கியது. மூன்றாவது அறை வாசல் பெஞ்சில் ஐகோர்ட்டின் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் தம்பிக்கு ஒரு சட்டை, மடிப்புக் கலையாமல். அவளைத் தாண்டிப் போகையில் இவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

உள்ளே மேசையில் இருந்த எழுத்தர் ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னம்மா?"

"முக்கு இஸ்திரிக்காரர் கேஸ். நீதிபதிகிட்ட வாக்குமூலம் குடுக்கணும். அந்தத் தம்பி செய்யலை."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்தினார். "எந்தக் கட்சி அனுப்பிச்சுது உங்களை?"

"எந்தக் கட்சியும் இல்லீங்க."

"யாரும் அனுப்பாம இங்க யாரும்மா வராங்க? சும்மா சொல்லுங்க."

"நான் நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். அதான் வந்தேன்."

அவர் நம்பினாரோ இல்லையோ, உள்ளறைக்கு எழுந்து போனார். போன் அடித்தது. கணவர்.

"ஆபீசுக்குப் பண்ணேன், லீவுன்னாங்க. எங்க இருக்க?"

"கோர்ட்டுல."

திட்டுவார் என்று காத்திருந்தாள்.

"உள்ள போயிட்டியா?"

"இல்ல. கூப்பிடுவாங்க."

"அங்கயே இரு. வெளிய வராத. நான் பொண்ணை ஹாஸ்டல்லேர்ந்து கூட்டிக்கிட்டு நேரா அங்க வரேன்."

உள்ளறைக் கதவு திறந்தது. எழுத்தர் கையசைத்தார்.

"பஸ்ஸுல வாங்க" என்றாள் அவள் எழுந்துகொண்டே. "கூட்டமா இருக்கிற பஸ்ஸாப் பாத்து வாங்க."