பேப்பரில் சுற்றித் தர மாட்டோம்

2023 ஏப்ரல் 19, புதன்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். முற்றம் பெருக்கினேன், வேதத்தில் ஒரு அதிகாரம் வாசித்தேன், 5.30க்கு மொட்டை மாடியில் மாட்டியிருக்கும் வெப்பமானியைப் பார்த்துக் குறித்தேன்: 28 டிகிரி, காற்று இல்லை. நான்கு இட்லி, தக்காளிச் சட்னி. 8.40க்கு வேலைக்குப் போனேன். உப்பளங்களிலிருந்து வரும் உப்பில் ஈரம் எவ்வளவு, மக்னீசியம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லும் ஆய்வுக்கூடம் அது. இருபத்தாறு வருடமாக அங்கேதான் இருக்கிறேன். அன்று ஆறு மாதிரிகள். நான்காவதை முடிக்கும்போது, 11.20க்கு, மதினி போன் செய்தாள்.

"ஏளா, அண்ணாச்சி வந்துட்டாவ. கையில பாட்டிலோட வந்துருக்காவ. பந்தயத்துக்கு."

"எந்தக் கடையில எடுத்த பாட்டில் மதினி?"

"அதெல்லாம் நான் கேக்கல. மூணு மணிக்கு எல்லார் முன்னாலயும் டெஸ்ட்னு சொல்லிட்டேன். நீ லீவு போட்டுட்டு வா."

அவள் குரலில் பயமே இல்லை. கல்யாண வீட்டுக்குக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டாள். மிச்சம் இருந்த இரண்டு மாதிரிகளையும் முடித்து எழுதி வைத்துவிட்டு, அரை நாள் விடுப்புக் கேட்டுக் கிளம்பினேன்.

மதினி என் அண்ணனின் மனைவி. அண்ணன் கப்பலில் இன்ஜினியர், வருடத்தில் எட்டு மாதம் கடலில். மதினியின் அப்பா இந்த ஊரில் பேக்கரி வைத்திருந்தார். பதினாறு வயதிலிருந்து அங்கே முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து மக்ரூன் சுட்டவள் அவள். அப்பாவுக்குப் பிறகு கடை தம்பிகள் பெயருக்குப் போனது. "எனக்கு ஈஸ்ட்டைப் பத்தித் தெரிஞ்ச அளவுக்கு அவனுவளுக்குப் பொண்டாட்டியப் பத்தித் தெரியாது" என்பாள். ஐம்பது வயதில், உப்பு மூட்டை அடுக்கியிருந்த பழைய குடோன் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, ஸ்டீல் தொட்டிகள் இறக்கி, சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தாள். வாழ்க்கையில் அவள் கையில் முதன்முதலாகத் தங்கிய சாவி அந்தக் குடோன் சாவிதான்.

அங்கே காய்ச்சியது இஞ்சியும் உடன்குடிக் கருப்பட்டியும் சேர்த்து, ஈஸ்ட் விட்டுப் பொங்க வைத்த பானம். ஆல்கஹால் அரை சதவீதத்தைத் தாண்டாதவரை அது குளிர்பானம். தாண்டினால் போலீஸ் சமாச்சாரம். அதனால் முதலில் வாங்க வேண்டியது தொட்டி இல்லை, நல்ல தராசு என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது, எடையைப் பார்த்தால் அளவு தெரிந்துவிடும். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு பாட்டில் எடுத்து, காய்ச்சி வடித்து, எடை பார்த்து, அளவை நோட்டில் எழுதுவது என் வேலை. சம்பளம் இல்லாத வேலை. அதற்காக ஞாயிறு மதியத் தூக்கத்தை விட்டுக்கொடுத்தேன். ஒரு வாரம்கூட வருத்தப்பட்டதில்லை.

மதினி வேண்டுமென்றே பழுப்பு நிற பீர் பாட்டிலைத்தான் தேர்ந்தெடுத்தாள். மூடிக்கு மேல் தங்க நிறத் தாள் வேறு. ஆரம்பத்தில் வாரத்துக்கு ஒரு பெட்டி, இருபத்து நான்கு பாட்டில் விற்றால் பெரிது. வாங்குகிற ஆண்கள் எல்லோரும் பழக்கதோஷத்தில், "பேப்பர்ல சுத்திக் குடுங்க" என்று கேட்டார்கள். சுற்றி, இடுப்பில் செருகி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனார்கள். இஞ்சித் தண்ணீரை! ஒரு நாள் முழுக்க இதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த மதினி, மறுநாள் பத்து ஷேர் ஆட்டோக்களின் முதுகில் கறுப்புத் தாளில் மஞ்சள் எழுத்தில் ஒரே ஒரு வரியை ஒட்டினாள்: "பேப்பரில் சுற்றித் தர மாட்டோம்."

ஊர் திரும்பிப் பார்த்தது. அடுத்தது, "வீட்டுக்காரிக்குத் தெரியாமல் குடிக்காதீர்கள். அவளையும் கூட்டி வாருங்கள்." அதற்கடுத்தது, "குருவானவரும் குடிக்கலாம்." அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு எங்கள் சர்ச்சின் பெண்கள் ஐக்கியத் தலைவி நேராக வீட்டுக்கே வந்தார். மதினி ஒரு பாட்டிலைத் திறந்து தம்ளரில் ஊற்றி நீட்டினாள். குடித்துவிட்டு, "காரம் பத்தாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரமே இஞ்சியைக் கூட்டினோம்.

எங்கள் ஊரில் புரோட்டாக் கடைக்கு நைட் கிளப் என்றுதான் பெயர். பொரித்த புரோட்டாவுக்கும் சால்னாவுக்கும் இந்தப் பானம் அப்படி ஒத்துப்போனது. வாரம் ஒரு பெட்டி என்பது ஏப்ரலில் பதினொன்றானது. கணக்கை எழுதும்போது என் கையெழுத்தே கொஞ்சம் துள்ளியிருக்கிறது. இப்போது புரட்டினால் தெரிகிறது.

குடோனின் சொந்தக்காரர் உப்பு வியாபாரி. ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். தன் கடை வாசலில் பீடி பற்ற வைக்கக்கூட விடாதவர். மார்ச்சில் யாரோ அவரிடம், "என்ன அண்ணாச்சி, பார் தொறந்துட்டீயளாமே" என்று கேட்டுவிட்டார்கள். அன்றைக்கே வந்து நின்றார். "ஏம்மா, சட்டம் சொல்லுத அளவுக்கு மேல ஒரு சொட்டு இருந்தாலும் சாவியக் குடுத்துட்டுப் போயிரணும். அதுல பேச்சுக்கே இடமில்ல."

மதினி அதற்குப் பதிலாகத்தான் அந்தத் திங்கட்கிழமை, ஏப்ரல் 17 அன்று, என்னிடம் கேட்காமல் புதிய போஸ்டரை ஒட்டினாள்: "அரை சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் கம்பெனியையே எழுதித் தருகிறோம். எந்தக் கடையிலும் எடுத்து வாருங்கள்."

"மதினி, குளிர்ல வச்ச பாட்டிலா இருந்தான்னு ஒரு வரி சேத்திருக்கணும்" என்றேன். ஈஸ்ட் பாட்டிலுக்குள் உயிரோடு இருக்கிறது. குளிரில் தூங்கும், சூட்டில் மறுபடி வேலையைத் தொடங்கிவிடும்.

"அவ்வளவு நீளமா எழுதினா எவன் வாசிப்பான்?" என்றாள்.

மூன்று மணிக்குக் குடோனில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். அண்ணாச்சி வெள்ளை வேட்டியில், நாற்காலியின் நுனியில், மடியில் பாட்டிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பாட்டில் ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க அதே தொட்டியில் நிரப்பி எங்கள் குளிர் அறையில் வைத்திருந்த பாட்டில் ஒன்று. அண்ணாச்சியின் பாட்டிலைத் திறந்தபோது நுரை மேசை வரை பாய்ந்தது. கூட்டம் கைதட்டியது. நான் தட்டவில்லை. அவ்வளவு நுரை வரக்கூடாது.

இரண்டையும் தனித்தனியே வடித்து, ஐஸ் போட்ட தண்ணீரில் இருபது டிகிரிக்குக் கொண்டுவந்தேன். எடை போடும்போது காற்று அசையக்கூடாது. ஷட்டரை இறக்கச் சொன்னேன், மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னேன். நாற்பது பேரும் ஏப்ரல் மாத மதியத்தில் மூடிய தகரக் கூரைக்குக் கீழே வியர்த்து வடிந்தார்கள்.

"ஏலே, அந்தா நிக்கானே, அவனை மூச்சு விடாதன்னு சொல்லு. தராசு ஆடுது."

"உன் வாயை மூடுல மொதல்ல. காத்து அங்கன இருந்துதான் வருது."

"சிரிக்காதீய" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

மூன்று முறை எடை பார்த்தேன். குளிர் அறைப் பாட்டில்: 0.38. அண்ணாச்சியின் பாட்டில்: 0.71.

நான் நிமிர்ந்தபோது மதினி என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்டில் எழுதிய எண்ணை மாற்ற எனக்கு ஒரு விநாடிகூடத் தோன்றவில்லை. அவளே வந்து நோட்டை வாங்கிப் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"பூச்சியம் புள்ளி ஏழு ஒண்ணு. நாங்க தோத்துட்டோம்."

யாரோ ஷட்டரைத் தூக்கினார்கள். காற்று வந்தது. மதினி இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். "அண்ணாச்சி, குடோன் சாவியும் இதுல இருக்கு, கம்பெனி சாவியும் இதுல இருக்கு. எழுதித் தாரேன்னு போஸ்டர்ல போட்டேன். தாள் கொண்டு வரச் சொல்லுங்க."

"வாங்கிக்கிடுங்க அண்ணாச்சி! தினமும் ஓசியில குடிக்கலாம்!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"சும்மா கெடல" என்றார் அண்ணாச்சி. சாவியைத் தொடவில்லை. என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, ரெண்டும் ஒரே தொட்டிதான?"

"ஆமா அண்ணாச்சி. ஏப்ரல் பதிமூணாம் தேதி அடைச்சது."

"பொறவு எப்படி ஒண்ணு யோக்கியமா இருக்கு, இன்னொண்ணு கெட்டுப்போச்சு?"

"இது எங்கன இருந்துச்சுன்னு சொல்லுங்க, நான் சொல்லுதேன்."

ஒரு நைட் கிளப் வாசலில் என்றார். அந்தக் கடையின் புரோட்டா மாஸ்டர் கூட்டத்தில்தான் இருந்தார். அவரைக் கேட்டேன். "படியிலதான் வச்சிருந்தேன்க்கா. சோடாப் பெட்டியப் படியில வச்சாத்தான கடை தொறந்திருக்குன்னு ஆளுக்குத் தெரியும்? எங்கப்பா காலத்துல இருந்து அப்படித்தான்."

"ஃப்ரிட்ஜ்ல வைன்னு சொன்னேனே?" என்றாள் மதினி.

"விக்கப் போற பாட்டில ஒண்ணு ஒண்ணா ஃப்ரிட்ஜ்ல வைக்கேன். மத்தது சோடாதானக்கா, வெயில் என்ன செய்யும்?"

மதினி தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கும் கன்னம் சுட்டது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். எந்தக் கடைப் படியிலும் சோடாப் பெட்டி நிற்பதை நாளுக்கு இருபது தடவை பார்க்கிறேன். கண்ணாடிப் பாட்டில் என்றால் அந்தப் பெட்டியில்தான் போகும் என்று எனக்குத் தோன்றாமல் போயிற்றே! அரை சதவீதத்தைப் புள்ளிக்குப் பிறகு இரண்டாம் இலக்கம் வரை அளந்தேன், படியைப் பார்க்கவில்லை.

அண்ணாச்சி எழுந்தார். "இந்தத் தொட்டியில எத்தனை பாட்டில் வெளிய போச்சு?"

நோட்டைப் பார்க்கத் தேவையில்லை. "இருநூத்து அறுபத்து நாலு. ஏழு கடை."

"இருட்டுறதுக்குள்ள அத்தனையும் இங்கன வரணும். குடிச்சிருந்தா காலிப் பாட்டில் வரணும். ஒண்ணு குறைஞ்சாலும் இந்தச் சாவிய நான் எடுத்துக்கிடுவேன். வந்துட்டா, நீ வச்சுக்கோ. குளிர்ப்பெட்டி இல்லாத கடைக்கு இனிமே ஒரு பாட்டில் போகக்கூடாது. கம்பெனி எனக்கு வேண்டாம் தாயி, இருக்கிற உப்பே எனக்குப் போதும்."

மணி 4.35. கூடியிருந்தவர்களில் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஒருவர் தன் லோடு ஆட்டோவைக் கொண்டுவந்தார். மதினியும் நானும் பின்னால் ஏறினோம். அண்ணாச்சி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எண்ணுவதை அவர் கண்ணால் பார்க்க வேண்டுமாம். பின்னாலேயே எட்டு பைக்குகள். எனக்கு நாற்பத்தொன்பது வயது. லோடு ஆட்டோவில் நின்றபடி, தலைமுடி பறக்க, பீச் ரோட்டில் போனது அதுதான் முதல் தடவை. தோற்றுப்போன ஒரு பந்தயத்தின் நடுவில் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எப்படி என்று இன்றும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஏழு கடையிலும் பெட்டி படியில்தான் நின்றது. வாங்கியவர்கள் கடையிலேயே நின்று குடித்துவிட்டுப் போன காலிப் பாட்டில்களை, சோடாக்காரருக்குத் திருப்பிக் கொடுக்கிற வழக்கத்தில் எல்லோரும் பத்திரமாக வைத்திருந்தார்கள். அந்தப் பழக்கம்தான் எங்களைக் கெடுத்தது, அதுவேதான் அன்று எங்களுக்குக் கைகொடுத்தது. மூன்றாவது கடையில், பாதி குடித்துக்கொண்டிருந்தவரின் கையிலிருந்தே மதினி பாட்டிலைப் பிடுங்கினாள்.

"என்னக்கா, காசு குடுத்து வாங்கினது!"

"காசத் தாரேன். இதுல சாராயம் ஏறிட்டு."

"அப்பன்னா குடுங்கக்கா, முழுசாக் குடிச்சுட்டுத் தாரேன்!"

6.20க்குக் குடோனில் இறக்கி எண்ணினோம். நான் ஒரு தடவை, அண்ணாச்சி ஒரு தடவை. அவர் கையில் சோதனைக்கு வந்த பாட்டிலும், பாதி குடித்ததும் சேர்த்துக் காலி 166. நிறைந்தவை 97. மொத்தம் 263.

இன்னொரு தடவை எண்ணினேன். 263.

மதினி பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். அன்று முழுவதும் அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் அப்போதுதான் இறங்கியது. வெளியே இன்னும் கொஞ்சம் பகல் மிச்சமிருந்தது. அண்ணாச்சி மேசையில் இருந்த சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடை வாரியாக எழுதியிருந்ததை மேலிருந்து கீழாக விரல் வைத்துப் பார்த்தேன். மாஸ்டரின் நைட் கிளப்புக்கு 48 கொடுத்திருந்தோம், 47 வந்திருந்தது. அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

மாஸ்டர் அண்ணாச்சியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"சொல்லுல" என்றார் அண்ணாச்சி.

"அது... நேத்து உங்க வீட்டம்மா வந்து வாங்கிட்டுப் போனாவ அண்ணாச்சி. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னாவ. பேப்பர்ல சுத்திக் கேட்டாவ. நான் தர மாட்டேன்னுட்டேன்."

அண்ணாச்சி போனை எடுத்தார். அந்தப் பக்கத்துக் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"ஆமா, வாங்கினேன். அதுக்கென்ன? ஃப்ரிட்ஜ்ல இருக்கு. பாதி குடிச்சாச்சு. நல்லாத்தான் இருக்கு. வரும்போது இன்னும் ரெண்டு வாங்கிட்டு வாங்க."

அண்ணாச்சி போனைச் சட்டைப்பையில் போட்டார். சிரிப்பை அடக்கியதில் அவர் காதோரம் சிவந்ததை நான் பார்த்தேன். சாவிக்கொத்தை எடுத்து மதினியின் மடியில் போட்டார்.

"இருநூத்து அறுபத்து நாலு" என்றார். "அது ஃப்ரிட்ஜ்லதானம்மா இருக்கு."

மதினி அழுதாள். சத்தமாக, மூக்கைச் சிந்திக்கொண்டு, சிரித்துக்கொண்டே.

மறுநாள், ஏப்ரல் 20, காலை 6.05க்கு நாங்கள் முதலில் செய்த வேலை: அந்த 97 பாட்டில்களையும் குடோன் பின்புறத்துச் சாக்கடை ஓரமாக வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகத் திறந்து கொட்டினோம். மதினி மூடியைத் திறந்தாள், நான் கவிழ்த்தேன், கவிழ்த்ததை எண்ணினேன். தெரு முழுக்க இஞ்சி வாசனை.