அடுப்பில் சுருண்ட நைலான் கம்பளி

எழுபதுகளில், போடிமெட்டில் மழை இறங்கினால் மாதக்கணக்கில் ஏறாது. அந்த மழைக்குள் எங்கள் எஸ்டேட்டுக்குப் புது நைலான் கம்பளி விற்க வந்தார், கோயம்புத்தூர் மில்காரர் ஒருவர். ஒல்லி உடம்பு, பேசும்போதெல்லாம் விரல்கள் துணியின் ஓரத்தைத் திருகிக்கொண்டே இருக்கும். இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் வேலை போய்விடும் என்றார்.

நனைந்தாலும் கனக்காது என்று கொழுந்து பறிக்கும் ஒருத்திக்கு ஒன்றைக் கொடுத்தார். அவளும் மெச்சிக்கொண்டே போர்த்திப் பறித்துவிட்டு, வழக்கம்போல் அடுப்புக்கு மேலே காயப்போட்டாள். காலையில் அது அப்பளமாய்ச் சுருண்டிருந்தது.

“ஏனுங்கம்மா, வெயில்ல போடக் கூடாதுங்களா?”

“இங்க ஏது அண்ணாச்சி வெயிலு? கண்டா புடிச்சிட்டு வாங்க.”

ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. பஸ் ஏறும்போது என்னிடம், “மில்லுல சொன்னா, அடுப்பத்தான் மாத்தச் சொல்லுவாங்க” என்றார்.

நியாயம் அவள் பக்கம்தான். ஆனாலும் அவருக்காக எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.