கவுன்சிலருக்கு ஒரு மனு

அந்த மனுவை இன்னும் வைத்திருக்கிறேன். கோடு போட்ட தாள், நாலாக மடித்தது. எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பக்கத்து வீட்டுப் பெண் எழுதிக் கொடுத்தது. கீழே என் கையெழுத்து. அதில் ஓர் எழுத்து குறையும். அதை எடுத்துக்கொண்டுதான் கவுன்சிலரம்மாவைப் பார்க்க முதன்முதலாக மலையிறங்கினேன்.

எல்லாம் ஒரு பால் சட்டியால் வந்தது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு, சரிந்திருந்த மிளகுக்கொடியைக் கட்டப் போனேன். கட்டக் கயிறு தேடினேன். கயிறு தேடிய இடத்தில் கோழி அடைக்கு உட்கார்ந்திருந்தது. திரும்பி வந்தபோது சட்டி கருகி, ஜன்னல் துணியில் தீ ஏறியிருந்தது. கருகியதில் அது நாலாவது சட்டி. மறுநாளிலிருந்து மருமகள் லைட்டரையும் தீப்பெட்டியையும் தன் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். சொந்த அடுப்பைப் பற்றவைக்க முடியாமல் ஆறிய களியைத் தின்றால் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

மறதி நோயோ என்று பயந்து அவளே ராசிபுரத்தில் டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் என் சின்ன வயதையெல்லாம் கிளறினார். ரெண்டாம் வகுப்பில் வாத்தியார் கணக்குப் போடும்போது, ஓணானைப் பார்த்து எழுந்து போனவள் நான். படிப்பும் என்னோடு எழுந்து போய்விட்டது.

“இது மறதி நோய் இல்லம்மா. சின்ன வயசுல இருந்தே கவனம் ஒரு இடத்துல நிக்காத தன்மை. ஏடிஹெச்டின்னு பேரு. பெரியவங்களுக்கும் இருக்கும். பேசிப் பேசியே நல்லாப் பழகிக்கலாம். அடுத்த வாரம் கவுன்சிலரைப் பாருங்க” என்றார்.

எனக்குத் தெரிந்தது ஒன்றியக் கவுன்சிலர்தான். என் மண்டைக்கு அவர் என்ன செய்வாரோ, போகிற போக்கில் குழாயையாவது சொல்லிவிடலாம் என்று மனுவோடு போனேன். டாக்டர் சொன்ன அறைக்குள்ளே என் மகள் வயதில் ஒரு பெண். மனுவை முழுதாகப் படித்தார். குழாயில் ஆரம்பித்த நான் பலாமரம், பஸ், மருமகள் என்று சுற்றிக் களைத்து நின்றேன்.

“நான் அந்தக் கவுன்சிலர் இல்லீங்கம்மா. எனக்கு ஓட்டு வேண்டாம். நீங்க பேசினாப் போதும்.”

“அவுங்களும் ஓட்டு வாங்கற வரைக்கும் இப்படித்தான் கேட்டுக்குவாங்க கண்ணு” என்றேன். அப்போதுதான் சிரித்தார்.

வாராவாரம் போனேன். ஒருநாள், வீட்டில் உங்களை என்னவென்று சொல்வார்கள் என்று கேட்டார்.

“கூறுகெட்டவள்னு. அம்மா சொன்னா, வாத்தியார் சொன்னாரு, கட்டுனவரு மறுநாள்ல இருந்தே சொன்னாரு. நானே முந்திச் சொல்லிச் சிரிச்சுட்டா, திட்டு பாதியாயிரும் பாரு.”

“மீதிப் பாதி எங்கீங்கம்மா போகும்?”

எனக்கு வாய் அடைத்துப்போனது. அதைப் பார்க்க மருமகள் பஸ் சார்ஜ் கொடுத்து வந்திருப்பாள். கொஞ்சம் அழுதேன். எனக்குக் கூறு கெடவில்லை, அது ஒரு இடத்தில் உட்காராமல் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது என்று தெரிய இத்தனை வயதானது. திரும்பும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு மனசு லேசாகிக்கொண்டே வந்தது.

அடுப்புக்கு ஒரு வழியை இருவரும் பேசிக் கண்டுபிடித்தோம். அடுப்பு எரியும்வரை கரண்டி கையை விட்டு இறங்கக் கூடாது. எங்கே போனாலும் கூடவே வர வேண்டும். ஒரு மாதம் மருமகள் கண்ணெதிரே பழகினேன். பிறகு ஒரு காலையில், “இன்னிக்கு ஒரு நாள் பாக்கலாங்க அத்தை” என்று லைட்டரை நீட்டினாள்.

மொச்சைக் குழம்பு வைத்தேன். பாதியில் வேலிப் பக்கம் ஏதோ சத்தம். போய் நின்று பக்கத்து வீட்டுக்காரியோடு கதையில் இறங்கிவிட்டேன்.

“ஏனுங்கக்கா, கரண்டியத் தூக்கிட்டு யார அடிக்கப் போறீங்க?” என்றாள்.

கையைப் பார்த்தேன். எடுத்தேன் ஓட்டம்.

சாயங்காலம் மருமகள் சட்டியைச் சாய்த்து அடியைப் பார்த்தாள். கருப்பே இல்லை. ஒரு வாய் எடுத்து வைத்தாள்.

“அத்தை, உப்பே போடலீங்களே!”

“அதுக்குத் தனியா ஒரு கவுன்சிலர் இருப்பாங்க, விசாரிச்சு வை சாமி.”

சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது. மறுநாள் காலை அவள் பஸ்ஸுக்கு ஓடிய பிறகு அடுப்பங்கரைக்குள் போனேன். லைட்டர் அடுப்பின் மேலேயே இருந்தது, பக்கத்தில் உப்பு டப்பா.