ஏழு மணிக்குத் திறக்கும் கதவு

ஒரு வாரமாக, மாலை ஏழு மணி ஆனால் என் கைப்பேசி ‘டிங்’ என்கிறது. திரையில் ஒரே வரி: முன் கதவு திறந்தது. மலேசியாவில், பாசிர் கூடாங்கில், கடைக்கு மேலே ஆறு பேர் படுக்கும் அறையில் இருக்கும் எனக்கு ஏது முன் கதவு? அது மூன்று தெரு தள்ளியிருக்கும் தேவி அக்காவின் வீட்டுக் கதவு. கதவு வாய் திறந்து பேசும் என்பதை இங்கே வந்துதான் கண்டேன்.

ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். தொண்டியில் ஐஸ் உடைத்தேன், துபாயில் டைல்ஸ் சுமந்தேன், மெர்சிங் படகுத்துறையில் மீன்பெட்டி தூக்கினேன். இடுப்பு மறுத்துவிட்டதால் அலாரம் மாட்டும் சீன முதலாளியிடம் சேர்ந்தேன்.

தேவி அக்கா தொழிற்சாலையில் இருபது வருடம் ஷிப்ட் பார்த்து வாங்கிய வீடு அது. போன மாதம் பின் ஜன்னலை நெம்பித் திருடன் நுழைந்தபோது பழைய அலாரம் மூச்சுவிடவில்லை. சுவருக்குள் வயரை எறும்பு அரித்திருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன், இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டை விற்றுவிட்டு அம்மா தன்னோடு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டான்.

“அங்க அவன் வீடு பதினாலாவது மாடிலா, தம்பி, எனக்கு ஒத்துக்காது. நல்லா மாட்டிக் குடுங்க, அவன் வாய அடைக்கணும்” என்றார் அக்கா.

பழைய சைரனை வைத்துக்கொண்டு, வயருக்குப் பதில் பேட்டரி சென்சார்களை மாட்டினேன். பின் ஜன்னலுக்கு மேலே ஒன்று. அறையில் யார் நடந்தாலும் கண்டுகொள்ளாது, ஜன்னலை ஒட்டி ஏதாவது அசைந்தால் கத்தும். ஏழேகாலுக்குத் தானாக விழிக்கும்படி நேரம் வைத்தேன். மஃரிப் நேரம், இருட்டத் தொடங்கும். என் கணக்கு அவ்வளவுதான். ஜன்னலோரம் சாமி மேடை இருந்ததைப் பார்த்தும் யோசிக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை.

வாசலில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே அக்கா சூடம் காட்டத் தட்டைச் சுற்றினார். சைரன் தெருவையே தூக்கியது. அடுத்த வீட்டு மலாய்க்காரர் துடைப்பத்தோடு ஓடி வந்து, திருடன் எங்கே என்று மலாயில் கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், இல்லை, நெருப்பு என்றேன். அவர் துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் தண்ணீர்க் குழாயை இழுத்து வந்தார்.

அதற்குள் அலாரச் செய்தி போய், மகனின் அழைப்பு. “அம்மா, போதும்மா! துணிய எடுத்து வைங்க, நாளைக்கே வந்து கூட்டிட்டுப் போறேன்!”

“அலமாக்! சாமி கும்பிட்டவளப் புடிச்சிருக்குடா உன் மெஷினு” என்ற அக்கா போனை என்னிடம் நீட்டினார். “தம்பி, நீங்களே சொல்லுங்க. என் வீடு போயிரும் போல.”

“தப்பு என்னோடதுங்க. வீட்ட வந்து பாத்த நான், அக்கா எப்ப என்ன செய்வாங்கன்னு கேக்கல. ஒரு வாரம் குடுங்க, நானே பாத்துக்கறேன்.”

அவன் கெடு வைத்தான். “ஒரு வாரம். மறுபடி சும்மா கத்துச்சுன்னா அம்மா இங்க வந்துடணும்.”

ஜன்னல் திறந்தால் மட்டும் கத்தும் காந்த சென்சாராக மாற்றினேன். விழிக்கும் நேரத்தை எட்டாக்கினேன். விளக்கேற்றும்போது அக்கா திறந்து வைக்கும் முன் கதவு செய்தி மட்டும் அனுப்பும், மகனுக்கும் எனக்கும்.

இன்று ஏழாம் நாள். சைரன் ஒருமுறைகூடக் கத்தவில்லை. “இருந்துக்கச் சொல்லிட்டான்லா!” என்று அக்கா போனில் சிரித்தார். இனி அந்த வீட்டுச் செய்தி போகும் பட்டியலில் எனக்கு வேலை இல்லை. பெயரை நீக்கவா என்று கைப்பேசி கேட்டது. இங்கே ஏழு என்றால் தொண்டியில் நாலரை; பள்ளி விட்டு வரும் என் மகள் கதவைத் தள்ளும் நேரம். அந்தக் கதவு எனக்கு ஒருநாளும் செய்தி அனுப்பியதில்லை.

‘நீக்கு’ என்பதை அழுத்தினேன். நாளை ஏழு மணிக்கு, எனக்குத் தெரியாமல் திறக்கும் கதவுகள் இரண்டு.