படத்தில் விழாத இன்னொன்று

பழவேற்காடு ஏரியில் நினைத்தவன் நினைத்த நாளில் வலை கட்ட முடியாது. ஊர்கூடிச் சீட்டுப் போட்டு, யாருக்கு என்றைக்கு என்று முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாட்டுக்குக் கிளம்புகிற வீட்டில் நோய்நொடிப் பேச்சு கூடாது என்பது குப்பத்துக் கட்டுப்பாடு. துளசிராமன் மீறாத கட்டுப்பாடு அது ஒன்றுதான். மற்றபடி வாய்த்துடுக்கான ஆள், மனைவி திலகவதி அதட்டினால் மட்டும் அடங்குவான்.

அந்தத் திலகவதிதான் தை மாதம் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது தலையைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளை ரத்தக்குழாயில் ஒரு கொப்புளம் புடைத்து வெடித்திருந்தது. மண்டையைத் திறந்து அதை அடைத்துக் கிளிப் போட்டார்கள். படத்தில் வேறெதுவும் இல்லை என்றார் டாக்டர். அவள் கட்டோடு வீடு திரும்பியபோது, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சொல்லாத உறவில்லை. துளசிராமனும் நம்பினான். நம்பாமல் என்ன செய்வான்? படத்தையே காட்டினார்களே.

பங்குனியில் அவன் பாடு வந்தது. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றவன், அவள் முகம் வெளுத்திருப்பதைப் பார்த்தான். கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. பாட்டு நாளாயிற்றே என்று விழுங்கிக்கொண்டான். அவளே சொன்னாள்.

"ஒன்னியும் இல்ல. நீ கெளம்பு."

அன்று இறால் அள்ளிக்கொண்டு வந்தது. கரை திரும்பினால் வாசலில் கூட்டம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியும் பிழைக்கவில்லை.

இன்னொரு கொப்புளம் இருந்திருக்கிறது. பெரிய குழாய்க்குப் பின்னால், மிளகு அளவில். புதிதாக எடுத்த படத்தில்தான் தெரிந்தது. பழைய படத்தில் இப்போது தேடினாலும் அகப்படவில்லை என்று டாக்டரே உட்காரவைத்துச் சொன்னார். துளசிராமனுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. படத்துக்குத் தெரியாதது அவளுக்கு வலித்திருக்கும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். பாவி, வாசலில் நின்றும் கேட்கவில்லையே என்பதுதான் அவனை அரித்துத் தின்றது.

இப்போதெல்லாம் பாட்டு நாளில் படகடியில் நின்று, நாலு பேர் காதுபட மகள் தேவதர்ஷினியைக் கேட்கிறான்.

"தல வலிக்குதாம்மா?"

குப்பத்தார் முகம் சுளிக்கிறார்கள். கட்டுப்பாடாவது மண்ணாவது.

"இல்ல நைனா, நீ கெளம்பு," என்கிறாள் அவள்.

அவள் அம்மாவும் அதைத்தான் சொன்னாள். துளசிராமன் வலையைத் தோளிலிருந்து இறக்கி வைக்கிறான்.